கைதட்டலும் காலி நாற்காலியும்

அமெரிக்கச் சிறார் பதிப்புலகில் ஒரு கையெழுத்துப் பிரதி விலைபோனால் அந்தச் செய்தி ஒரே வாக்கியத்தில் வரும். எந்தப் பதிப்பகத்தின் எந்த எடிட்டர் வாங்கினார், எழுத்தாளர் யார், தலைப்பு என்ன, கதை எதைப் பற்றியது, ஏற்கெனவே பேரெடுத்த எந்த இரண்டு புத்தகங்களின் சாயலில் இருக்கும், எந்த ஆண்டு எந்தப் பருவத்தில் கடைக்கு வரும், பேரம் பேசிய ஏஜென்ட் யார், கொடுத்தது உலக உரிமையா வட அமெரிக்க உரிமை மட்டுமா என்பதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மூச்சு வாங்காமல் படிக்க முடியாது. பதிப்புத் துறை இதழான 'பப்ளிஷர்ஸ் வீக்லி'யின் சிறார் நூல் மின்மடலில் இப்படிப்பட்ட வாக்கியங்கள் வரிசையாக வரும். அதே மடலில் இன்னொரு பகுதியும் உண்டு. இன்னார் மூத்த எடிட்டராக உயர்ந்தார், இன்னார் அந்தப் பதிப்பகத்திலிருந்து இந்தப் பதிப்பகத்துக்கு வந்தார் என்ற ஆள்மாற்றச் செய்திகள் அவை.

1971இல் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டீபன் மூசர், லின் ஆலிவர் என்ற இருவர் தொடங்கிய சிறார் நூல் எழுத்தாளர்கள், ஓவியர்கள் சங்கம் இன்று பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கிறது. அதன் வட்டாரக் கிளைகளும் இதே இரட்டை வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. உறுப்பினர்களின் வெற்றிகளுக்கு ஒரு பக்கம், யார் எங்கே மாறினார் என்பதற்கு ஒரு பக்கம். முதல் பக்கத்துக்கு வாழ்த்துகள் குவியும். இரண்டாம் பக்கத்தைத் தொழில்காரர்கள் மட்டும் குறித்துக்கொள்வார்கள். ஆனால் முதல் பக்கத்தில் அறிவித்த வெற்றி நிலைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இரண்டாம் பக்கம்தான். இரண்டையும் சேர்த்துப் படிக்கப் பழக்காததே இந்த வழக்கத்தின் பெரிய குறை என்பது என் கருத்து.

குறைக்குப் போகும் முன், இந்தத் துறை ஏன் இவ்வளவு கைதட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சிறார் நூல்களுக்கென்று தனிப் பிரிவை முதலில் தொடங்கியது மேக்மில்லன், 1919இல். பொறுப்பேற்றவர் லூயிஸ் சீமன். அதே ஆண்டுதான் குழந்தைப் புத்தக வாரமும் பிறந்தது. அடுத்தடுத்து மற்றப் பதிப்பகங்களும் இப்படிப் பிரிவுகளைத் திறந்து பெண்களை அமர்த்தின. மேலே இருந்த ஆண்கள் அதைப் பெரிய வேலையாக மதிக்கவில்லை. விமர்சகர்கள் எட்டிப் பார்க்காத துறை தன்னைத் தானே பாராட்டிக்கொள்ளாவிட்டால் வேறு யார் பாராட்டுவது? சிறந்த சிறார் நூலுக்கான நியூபெரி பதக்கத்தை முன்மொழிந்த ஃபிரெடெரிக் மெல்ச்சர் 'பப்ளிஷர்ஸ் வீக்லி'யின் ஆசிரியர்களில் ஒருவர். முதல் பதக்கம் 1922இல் வழங்கப்பட்டது. 1924இல் பாஸ்டனில் பெர்த்தா மஹோனி தொடங்கிய 'ஹார்ன் புக்' இதழ், நல்ல சிறார் நூல்களுக்காகக் கொம்பு ஊதுவதே தன் வேலை என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டது. ஆக, கொண்டாட்டம் இந்தத் துறைக்குப் பின்னால் ஒட்டிய அலங்காரம் அல்ல. மதிக்காத உலகத்தின் முன்னால் நிமிர்ந்து நிற்க அவர்கள் கைக்கொண்ட வழி அது.

அந்தத் தேவை இன்னும் தீர்ந்துவிடவில்லை. ஓஹையோவிலோ இடாஹோவிலோ ஒரு சிற்றூரில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு முப்பத்திரண்டு பக்கப் படக்கதை ஒன்றை ஏழெட்டு முறை திருத்தி எழுதுகிறவருக்கு, தன்னைப் போன்ற இன்னொருவருக்குக் கதவு திறந்தது என்ற செய்தி மனத்துக்குத் தெம்பு மட்டும் தருவதில்லை, நல்ல தகவலும்கூட. எந்த எடிட்டர் எந்த வகைக் கதையை வாங்குகிறார் என்று அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார். பெரிய பதிப்பகங்கள் ஏஜென்ட் இல்லாத பிரதிகளைப் பெரும்பாலும் வாங்கிப் பார்ப்பதில்லை. சங்கத்தின் மாநாட்டில் பேச வரும் எடிட்டர் மட்டும், வந்திருந்தவர்கள் சில மாதங்களுக்குள் நேரடியாக அனுப்பலாம் என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த அவகாசம் முடிவதற்குள் அவர் வேலை மாறிவிட்டால்? ஆள்மாற்றச் செய்தியைப் படிக்காதவரின் பிரதி, யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சல் பெட்டிக்குப் போய்ச் சேரும். இந்த அளவில் இரண்டு பக்கங்களும் கைமாறு கருதாத பொதுச் சேவைதான். சம்பளம் வாங்காத கிளைத் தொண்டர்கள் இதைத் திரட்டித் தருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சிக்கல் எங்கே தொடங்குகிறதென்றால், எதைக் கொண்டாடுகிறோம் என்பதில். அந்த ஒற்றை வாக்கியம் அறிவிப்பது ஒரு புத்தகத்தை அல்ல, ஒரு விற்பனையை. படக்கதை என்றால் பல சமயம் ஓவியரே முடிவாகியிருக்க மாட்டார். புத்தகம் வர இரண்டு ஆண்டாகலாம், மூன்றும் ஆகலாம். நிச்சயதார்த்தத்துக்கே ஊரைக் கூட்டிப் பந்தி போட்டுவிட்டுக் கல்யாணத்தன்று வாசலில் ஆளில்லாமல் நிற்பது போல, அறிவிப்பு வந்த நாளில் நூற்றுக்கணக்கில் வாழ்த்து வரும். புத்தகம் கடைக்கு வரும் நாளில் எழுத்தாளரே கடை கடையாகப் போய்த் தேட வேண்டியிருக்கும்.

பணத்தைச் சொல்லும் முறையிலும் ஒரு நாசூக்கு உண்டு. 'பப்ளிஷர்ஸ் மார்க்கெட்பிளேஸ்' தளம் முன்பணத்தைத் தொகையாகச் சொல்லாமல் அடைமொழிகளால் சொல்லும். 'நைஸ்' என்றால் 49,000 டாலர் வரை. 'வெரி நைஸ்' 50,000 முதல் 99,000 வரை. 'குட்' என்பது இரண்டரை லட்சம் வரை, 'சிக்னிஃபிகன்ட்' 4,99,000 வரை, அதற்கு மேல் 'மேஜர்'. கீழ்த்தட்டைக் கவனியுங்கள். மூவாயிரம் டாலர் வாங்கியவரும் நாற்பத்தொன்பதாயிரம் வாங்கியவரும் ஒரே 'நைஸ்'தான். பெரும்பாலான எழுத்தாளர்கள் இருக்கும் தட்டில் ஒன்றுமே தெரிவதில்லை. பலர் அந்த அடைமொழியையும் தவிர்த்துவிடுகிறார்கள். அப்புறம் அந்த முன்பணத்தில் ஏஜென்டுக்குப் பதினைந்து சதவீதம் போகும். மிச்சம் கையெழுத்திடும்போது கொஞ்சம், பிரதியை ஒப்படைக்கும்போது கொஞ்சம், வெளியீட்டின்போது கொஞ்சம் என்று தவணை தவணையாக வரும். இந்தக் கணக்கு தெரியாமல் வாழ்த்து மழையை மட்டும் பார்க்கிற புதியவர், தான் மட்டும்தான் வறியவர் என்று நினைத்துக்கொள்வார்.

கைதட்டல் காலத்தைக் கணிப்பதிலும் கெட்டி இல்லை. 1953இல் நியூபெரி பதக்கம் பெற்றது ஆன் நோலன் கிளார்க்கின் 'சீக்ரெட் ஆஃப் தி ஆண்டீஸ்'. அந்த ஆண்டு அடுத்த நிலைச் சிறப்பு மட்டும் பெற்ற புத்தகங்களில் ஒன்று ஈ. பி. வொய்ட்டின் 'ஷார்லட்ஸ் வெப்'. இன்று எந்த வகுப்பறையில் எது கையிலிருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. இதற்காகத் தேர்வுக் குழுவைப் பழிக்க மாட்டேன். ஓராண்டுக்குள் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் யாருக்கும் இதுதான் நேரும்.

இன்னும் கூர்மையான சான்று 'குட்நைட் மூன்'. மார்கரெட் வைஸ் பிரௌன் எழுதி கிளெமென்ட் ஹர்ட் ஓவியம் வரைந்த இந்தப் படக்கதை 1947இல் வந்தது. முதலில் ஆறாயிரம் படிகள் போல விற்றன. பிறகு சரிவு. நியூயார்க் பொது நூலகம், அன்று சிறார் நூல்களின் தலையெழுத்தையே எழுதிய நூலகம், 1972 வரை அதை அலமாரியில் வைக்கவில்லை. பிரௌன் 1952இல், நாற்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். மறு ஆண்டு அதன் விற்பனை சுமார் 1,500 படிகள். அந்தக் கணத்தில் நிறுத்திப் பார்த்தால் எந்த வெற்றிப் பக்கத்திலும் இடம்பெறத் தகுதியில்லாத புத்தகம். 1970 வாக்கில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் விற்றது. பிறகு நடந்தது ஊரறிந்த கதை.

இடைப்பட்ட இருபது ஆண்டு அதைத் தாங்கியது எது? பெற்றோர்கள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் சொல்வதற்கு முதலில் புத்தகம் அச்சில் இருக்க வேண்டும். அதை வெளியிட்ட ஹார்ப்பர் பதிப்பகத்தின் சிறார் பிரிவில் 1940 முதல் 1973 வரை ஒரே ஆள் தலைமையில் இருந்தார்: அர்சுலா நார்ட்ஸ்ட்ராம். 'குட்நைட் மூன்', 'ஷார்லட்ஸ் வெப்', மாரிஸ் செண்டாக்கின் 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' மூன்றும் அவர் காலத்தில், அவர் கையால் வந்தவை. மெதுவாக விற்கும் புத்தகத்தைத் தள்ளிவிடாமல் வைத்திருக்கிற பொறுமைக்கும், அதை வாங்கியவரே நாற்காலியில் தொடர்ந்து இருந்ததற்கும் தொடர்பில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆள்மாற்றச் செய்தியே இல்லை. அந்தச் செய்தியின்மையைத்தான் நான் வெற்றி என்பேன்.

இனி நாற்காலி மாறுவதைப் பார்ப்போம். மார்கரெட் மெக்கெல்டரி 1945 முதல் ஹார்கோர்ட் பதிப்பகத்தின் சிறார் பிரிவை நடத்தினார். 1952இல் நியூபெரி, படக்கதை ஓவியத்துக்கான கால்டிகாட் இரண்டு பதக்கங்களையும் அவர் பதிப்பித்த நூல்களே தட்டிச் சென்றன. ஒரே எடிட்டருக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. 1971இல், காலம் உங்களைத் தாண்டிப் போய்விட்டது என்ற பொருளில் சொல்லி அவரை வெளியே அனுப்பினார்கள். அவர் அத்தீனியம் பதிப்பகத்துக்குப் போய்த் தன் பெயரிலேயே ஒரு பிரிவைத் தொடங்கினார். அமெரிக்கச் சிறார் பதிப்பில் எடிட்டரின் பெயரைத் தாங்கிய முதல் இம்பிரின்ட் அதுதான். எழுத்தாளர் சூசன் கூப்பர் அவரைப் பின்தொடர்ந்து போனார். 'தி டார்க் இஸ் ரைசிங்' 1973இல் அங்கே வந்தது; அதே வரிசையின் 'தி கிரே கிங்' 1976இல் நியூபெரி வாங்கியது. காலம் யாரைத் தாண்டியது என்பதை ஹார்கோர்ட் அலுவலகத்தில் யாராவது யோசித்திருப்பார்கள்.

ஆர்தர் லெவைன் கதையும் இந்த வகைதான். 1997இல் ஸ்கொலாஸ்டிக் பதிப்பகத்துக்காக 'ஹாரி பாட்டர்' முதல் பாகத்தின் அமெரிக்க உரிமையை 1,05,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தவர் அவர். 2019இல் வெளியேறி 'லெவைன் கெரிடோ' என்ற சிறிய பதிப்பகத்தைத் தொடங்கினார். அங்கிருந்து வந்த டோனா பார்பா ஹிகேராவின் 'தி லாஸ்ட் குவெந்திஸ்தா' 2022இல் நியூபெரி பெற்றது. பிரிட்டனில் ஹாரி பாட்டரை முதலில் புளூம்ஸ்பரிக்கு வாங்கிய பாரி கன்னிங்ஹாமும் பின்னர் அங்கிருந்து விலகி 2000இல் 'சிக்கன் ஹவுஸ்' தொடங்கினார். பதிப்பகத்தின் பெயர்ப்பலகைக்கும் ரசனைக்கும் இடையில் ஓர் ஆள் இருக்கிறார், அந்த ஆள் நடந்துபோனால் ரசனையும் கூடவே நடந்துபோகிறது என்பதற்கு இவை பளிச்சென்ற சாட்சிகள்.

ஆனால் இவையெல்லாம் பெரிய மனிதர்களின் கதைகள். சாதாரண ஒப்பந்தத்தில் எழுத்தாளர் கையெழுத்திடுவது நிறுவனத்துடன், எடிட்டருடன் அல்ல. எடிட்டர் போனாலும் பிரதி அங்கேயேதான் கிடக்கும். எடிட்டர் போனால் நானும் விலகலாம் என்று ஒரு விதி சேர்க்கச் சொன்னால் பதிப்பகங்கள் எளிதில் இசைவதில்லை. நட்சத்திர எழுத்தாளருக்குத்தான் அது வாய்க்கும். இப்படிக் கைவிடப்பட்ட பிரதிகளை அங்கே தொழில் வழக்கில் அநாதைப் புத்தகங்கள் என்கிறார்கள். புதிதாகப் பொறுப்பேற்பவருக்குத் தானே தேர்ந்தெடுத்த பத்துப் பிரதிகள் மேசையில் இருக்கும். முன்னவர் விட்டுப்போன பதினொன்றாவதை அவர் மரியாதையாகத்தான் நடத்துவார். விற்பனைக் கூட்டத்தில் எழுந்து நின்று அதற்காகத் தொண்டை கிழியப் பேசுவாரா? ஓவியரிடம் ஐந்தாவது முறை மாற்றம் கேட்பாரா? அட்டைக்காகச் சண்டை போடுவாரா? இந்த நூலிழை வித்தியாசத்தில்தான் பல புத்தகங்கள் மூழ்குகின்றன. வெற்றிப் பக்கத்தில் பெயர் வந்தவர்களில் எத்தனை பேருக்கு இது நடக்கிறது என்று எந்த மடலும் சொல்வதில்லை.

ஆள்மாற்றச் செய்தி வெளிப்படையாகத் தோன்றும், ஆனால் பாதியைத்தான் சொல்லும். சேர்ந்தவரைப் பற்றி நான்கு வரி இருக்கும். போனவர் ஏன் போனார் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. 2021இல் ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனம் ஹூட்டன் மிஃப்லின் ஹார்கோர்ட்டின் பொதுநூல் பிரிவை 34.9 கோடி டாலருக்கு வாங்கியபோது, 'க்யூரியஸ் ஜார்ஜ்' குரங்கு முதல் 'தி போலார் எக்ஸ்பிரஸ்' ரயில் வரை ஒரே நாளில் வீடு மாறின. மெக்கெல்டரியை அனுப்பிய ஹார்கோர்ட்டின் மிச்சசொச்சமும் அந்த மூட்டையில்தான் போனது. இப்படி நிறுவனமே கைமாறும்போது எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்பது தலைப்புச் செய்தியில் வராது. மறு ஆண்டு நவம்பரில் அதே ஹார்ப்பர்காலின்ஸின் தொழிற்சங்க ஊழியர்கள் நியூயார்க்கில் வேலைநிறுத்தத்தில் இறங்கி ஏறத்தாழ மூன்று மாதம் தெருவில் நின்றார்கள். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, ஆண்டுக்கு 45,000 டாலராக இருந்த ஆரம்பச் சம்பளத்தை 50,000 ஆக்க வேண்டும் என்பது. நியூயார்க் வாடகையில் 45,000 என்பது என்ன என்று அங்கே வாழ்பவர்களைக் கேட்டால் தெரியும். துணை எடிட்டர்கள் ஏன் இரண்டு மூன்று ஆண்டில் வேலை மாறுகிறார்கள் என்ற கேள்விக்குப் பாதி விடை இந்த எண்ணில் இருக்கிறது. இடத்தை மாற்றினால்தான் பதவியும் சம்பளமும் உயரும் என்றால் யார்தான் மாற மாட்டார்கள்? 'வாழ்த்துகள், புதிய பொறுப்பு!' என்ற வரிக்குக் கீழே இருப்பது இந்தக் கணக்கு.

நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறார் நூல் மையம் 1985இல் எண்ணிப் பார்த்தபோது, அந்த ஆண்டு அமெரிக்காவில் வந்த சுமார் 2,500 சிறார் நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியதோ வரைந்ததோ வெறும் 18. 'லீ அண்ட் லோ' பதிப்பகம் எடுத்த பதிப்புத் துறையில் வேலை செய்வோரின் கணக்கெடுப்பில் வெள்ளையர் பங்கு 2015இல் 79 சதவீதம், 2019இல் 76. எடிட்டோரியல் பிரிவில் மட்டும் அது 82இலிருந்து 85 ஆனது. புதுமுகங்களின் நியமனம் பற்றிய அறிவிப்புகளை மட்டும் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். இரண்டு கணக்கெடுப்பிலும் பதில் சொன்னவர்கள் ஒரே ஆட்கள் அல்ல என்பதால் இந்த மூன்று சதவீதத்தை வைத்துப் பெரிய தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனாலும் அறிவிப்புகளின் கூட்டுத்தொகை நிலவரம் ஆகிவிடாது என்பதற்கு இது போதும்.

நியமனங்கள் பயனே தரவில்லை என்றும் சொல்ல முடியாது. சென்னையில் பிறந்த பத்மா வெங்கட்ராமன், வீட்டை விட்டு ஓடிவந்து சென்னையில் தெருவோரம் வாழும் பிள்ளைகளைப் பற்றி எழுதிய 'தி பிரிட்ஜ் ஹோம்' 2019இல் பெங்குவின் குழுமத்தின் 'நான்சி பால்சன் புக்ஸ்' வழியே வந்தது. மெக்கெல்டரி தொடங்கிவைத்த வழியில், எடிட்டர் பெயரிலேயே இயங்கும் இம்பிரின்ட் இது. அட்டைக்குள் எடிட்டர் பெயர் இருப்பதில் ஒரு நன்மை: நல்லதென்றாலும் கெட்டதென்றாலும் யாரைக் கேட்பது என்று தெரியும்.

நம் பக்கம் இது கிடையாது. பால சாகித்திய புரஸ்கார் 2010 முதல் தமிழுக்கும் வருகிறது; 50,000 ரூபாயும் பட்டயமும். அறிவிப்பு வந்த அன்று முகநூல் முழுக்கப் பொன்னாடைப் படங்கள்தான். எழுத்தாளரைப் பாராட்டுகிறோம், பதிப்பாளரையும் சில சமயம். பிரதியைச் செப்பம் செய்தவர் யார் என்று புத்தகத்தில் பெரும்பாலும் அச்சிடுவதில்லை, ஆகவே அவர் வேலையை விட்டுப் போனாலும் யாருக்கும் தெரியாது. இதழ்களில் மட்டும் நிலைமை கொஞ்சம் வேறாக இருந்தது. 'கோகுலம்' வாசித்து வளர்ந்தவர்கள் 1984இல் வந்த 'பூந்தளிரை'க் கையில் எடுத்தபோது, அதன் ஆசிரியர் கோகுலத்தில் அவர்கள் அறிந்த வாண்டுமாமா என்பதே அவர்களுக்குப் போதுமான அறிமுகமாக இருந்தது. அவர் போன இடத்துக்கு வாசகரும் போனார்கள். அமெரிக்கர்கள் மின்மடலில் செய்வதை அன்று சிறுவர்கள் பெட்டிக்கடையில் செய்தார்கள்.

கைதட்டலைப் பற்றி மனத்தில் உறுத்துவது இன்னொன்று உண்டு. அதைச் சொன்னால் பலருக்குப் பிடிக்காது. அந்தச் சிறிய உலகத்தில் எழுத்தாளர், எடிட்டர், ஏஜென்ட், நூலகர், மதிப்புரையாளர் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். இன்று வாழ்த்துச் சொல்கிறவர் நாளை மதிப்புரை எழுதுவார். நாளை மறுநாள் அவர் பிரதியே அந்த எடிட்டரின் மேசைக்குப் போகும். இந்த நிலையில் சுமாரான புத்தகத்தைச் சுமார் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? 1920களில் வெளியுலகத்தின் அலட்சியத்துக்கு எதிராக எழுந்த கைதட்டல், இன்று உள்ளுக்குள்ளிருந்து எழவேண்டிய விமர்சனத்தை அமுக்கிவிடுகிறது. இந்தப் பக்கங்கள் எதிலும் குழந்தையின் குரல் இல்லை என்பதும் தற்செயல் அல்ல. பெரியவர்கள் பெரியவர்களைப் பாராட்டுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை எந்தப் புத்தகத்தை நான்காவது முறை எடுத்தது என்ற செய்தி நூலகத்தின் வாங்கிப்போன கணக்கில் இருக்கிறது. அதை யாரும் வெற்றிப் பக்கத்தில் போடுவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு இந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். விற்பனை அறிவிப்பைச் சுருக்கி, புத்தகம் வெளிவந்த நாளுக்கும், பத்தாம் ஆண்டு இன்னும் அச்சில் இருப்பதற்கும் இடம் ஒதுக்கலாம். அச்சில் நின்றுபோன நூலின் உரிமையை எழுத்தாளர் திரும்பப் பெற்றதும் ஒரு செய்திதான். பலருக்கு அதுவே இரண்டாவது வாய்ப்பு. ஆள்மாற்றச் செய்தியோடு இரண்டு வரி சேர்க்க வேண்டும்: போனவர் வாங்கிய, இன்னும் வராத புத்தகங்கள் எவை, இனி அவற்றை யார் பார்த்துக்கொள்வார். பதிப்பகத்துக்கு இது சங்கடம்தான். அது தானாகத் தராது. ஆனால் சங்கத்தின் கிளைகளுக்கு உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, யார் பிரதி எங்கே இருக்கிறது என்றும் தெரியும். போன ஆண்டு வாழ்த்துச் சொன்னவர்களே அவர்கள்தானே. ஏஜென்ட் வைத்திருப்பவருக்கு எடிட்டர் விலகிய அன்றைக்கே தொலைபேசி போய்விடும், புதியவர் யார் என்று அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். ஏஜென்ட் இல்லாதவர் மடலில் பெயரைப் பார்த்த பிறகு, தானே பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். கேட்டால் தொந்தரவு என்று நினைத்துவிடுவார்களோ என்று மாதக்கணக்கில் கேட்காமலே இருப்பவர்கள் அதிகம்.